பெரியவர் போயிட்டார்

நாகர்கோயில், வடமராட்சி கிழக்கு
மே 14

இஞ்சாரும் குணம்,

செத்துப்போகேல்லை. நீர் காகிதத்தைப் பிரிச்ச உடனை தேடப்போறது உதைத்தான் எண்டு தெரியும். அதுதான் முதல் வரியிலையே எழுதிப்போட்டன். இனி ஆறுதலா வாசியும்.

செல்வச்சந்நிதி முருகன் கோயிலடியிலை நாங்கள் வெளிக்கிடேக்கை நீர் மற்றப் பக்கம் திரும்பி நிண்டனீர். நான் கை காட்டினன். நீர் கச்சான்காரியைப் பாத்துக்கொண்டு நிண்டனீர். இந்த வயசிலையும் உமக்குக் கோவம் வடிவாத்தான் கிடக்கு. எங்களைக் கூட்டிக்கொண்டு போற கதிரவேலுச் சாமி கேட்டார், "ஆர் சாமி அந்த அம்மா, உங்களை முறைச்சுப் பாக்கிறா?" எண்டு. "தெரியாது சாமி, ஆரோ வழியாலை போற மனிசி" எண்டன். கதிர்காமத்துக்கு நடக்கிற ஆக்கள் ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சாமிதான். என்னை மட்டும் "பெரியவர்" எண்டினம், கூட்டத்திலை வயசு கூட எண்டு. வீட்டிலை கிடைக்காத மரியாதை.

பந்தயம் ஞாபகம் இருக்குதோ? திரும்பவும் எழுதிறன், பேந்து மாத்திக் கதைக்கிறேல்லை. நான் கதிர்காமம் மட்டும் நடந்து போய்ச் சேந்தா, நீர் மறுபேச்சில்லாமல் ஆசுப்பத்திரிக்குப் போய் உந்தக் கட்டியை வெட்டி எடுக்கோணும். இடையிலை நான் விழுந்திட்டன் எண்டா, இனி உதைப்பற்றி வாயே திறக்கமாட்டன். முருகனுக்கு முன்னாலை கற்பூரம் கொளுத்தி அடிச்ச பந்தயம். "லொறிக்காரனுக்கு ஓடத்தான் தெரியும், நடக்கத் தெரியாது, நீங்கள் வல்லிபுரக் கோயிலைத் தாண்டமாட்டியள்" எண்டு சொன்னனீர். தாண்டிப்போட்டன். இரவல் கால் இல்லை, என்ரை கால்.

போன் ஏன் கொண்டுபோகேல்லை எண்டு திட்டாதையும். சண்டை நேரம் செல்லடியிலை போன காது. நீர் போனிலை கத்தினா எனக்கு விளங்காது, எங்கடை ஒழுங்கை முழுக்க விளங்கும். உந்த விசயம் ஒருத்தருக்கும் தெரியப்பிடாது, கனடாவிலை இருக்கிற மகளுக்கும் தெரியப்பிடாது எண்டு சொன்னது நீர்தானே. அதுதான் காகிதம்.

மணலுக்கை நடக்கிறது சரியான பாடு. குதிக்காலிலை கொப்புளம் போட்டு, அது உடைஞ்சு, அதுக்கு மேலை இன்னொண்டு போட்டிருக்கு. ரண்டு மாடி வீடு மாதிரி. நேற்று ஒரு கான் கரையிலை சறுக்கி, சேத்துக்கை இருந்திட்டன். கோப்பாயிலை இருந்து வந்த பிரசாந்தி எண்ட பிள்ளை கை குடுக்க வந்து அவளும் விழுந்தாள். அவளைத் தூக்க வந்த கதிரவேலுச் சாமியும் விழுந்தார். மூண்டு பேரும் எழும்பாமல் இருந்து சிரிச்சம். நான் அப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம் எண்டு யோசிச்சன். நீர் அதைக் காட்டினதுக்குப் பிறகு சிரிக்கேல்லை.

விடியக் கூப்பிடுறது எனக்குக் கேக்காது எண்டு, படுக்கேக்கை என்ரை கால் பெருவிரலிலை ஒரு நூலைக் கட்டி, மற்ற நுனியைக் கதிரவேலுச் சாமியின்ரை விரலிலை கட்டியிருக்கு. அவர் புரண்டு படுத்தாலும் நான் எழும்பி "அரோகரா" எண்டிறன். விட்டிட்டுப் போயிடுவினமோ எண்டு பயம். உள்ளதைச் சொன்னா எல்லாத்துக்கும் பயமாத்தான் கிடக்கு.

இதை மீன்கார நீக்கிலாப்பிள்ளையிட்டைக் குடுத்துவிடுறன். நெல்லியடிச் சந்தைக்கு மீன் கொண்டு வாறவர். கூட ஒரு சாமானும் வரும். வாங்கி வையும்.

உம்மடை,
அருட்பிரகாசம் (பெரியவர்)


கரவெட்டி
மே 17

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

வற்றாப்பளை அம்மன் கோயில் ஐயருடைய கைக்கு அனுப்புகிறேன். பொங்கலுக்கு அங்கே நிற்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கடிதம் கிடைத்தது. மீன் நாற்றமும் கிடைத்தது. இன்று வெள்ளிக்கிழமை. விரதச் சமையல் அடுப்பில் இருந்த நேரம் அந்த நீக்கிலாப்பிள்ளை படலையில் நின்று, "அம்மா, ஐயா தந்து விட்டவர்" என்று ஒரு பையை நீட்டினார். உள்ளே கடிதத்தோடு பெரிய திருக்கைத் துண்டு. "இண்டைக்கு வெள்ளி எண்டு ஐயாவுக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை பாத்துத்தான் குடுக்கச் சொன்னவர், அம்மா" என்றார் அந்த மனிதர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். துண்டை அடுத்த வீட்டுப் பூனை தின்றது. விளையாட்டுக்கும் ஓர் அளவு இருக்கிறது.

இனிமேல் கடிதத்தில் அந்தச் சொல்லை எழுத வேண்டாம். வழியில் யார் பிரித்துப் பார்ப்பார்கள் என்று தெரியாது. "அது" என்று எழுதினால் எனக்கு விளங்கும். "ஆஸ்பத்திரி" என்பதும் அப்படி எழுதுவதில்லை. எழுத்துப் பிழையோடு என்னை ஓரிடத்துக்குப் போகச் சொல்கிறீர்கள்.

நான் போகமாட்டேன் என்று பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. அக்காவை அந்த ஒப்பரேசன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது நான்தான் அவவின் காப்புகளைக் கழற்றி வாங்கினேன். "கவனமா வை, வந்து போடுறன்" என்று சொல்லிப் போனவ. நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். அந்தக் கதவு இரண்டு பக்கமும் ஆடும் கதவு. அவ போன பிறகு கனநேரம் ஆடிக்கொண்டிருந்தது. குளிக்கும்போது கை அந்த இடத்தில் பட்டால் எனக்கு அந்தக் கதவுதான் தெரிகிறது.

நீங்கள் நடக்க நடக்க என்னை அந்தக் கதவுக்குக் கிட்டக் கொண்டுபோகிறீர்கள். நடக்காமல் விழுந்தால் அதுவும் எனக்குப் பயம். இப்படி ஒரு பந்தயத்தை உங்களைத் தவிர யாரும் கட்டமாட்டார்கள். கட்டிய எனக்கும் புத்தியில்லை.

சீனி வருத்தக்காரன் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. செருப்பைக் கழற்ற வேண்டாம். குளிசை நீலப் பையில் இருக்கிறது.

குணலட்சுமி

குசினிக் கதவின் கொண்டி இன்னும் உடைந்தபடிதான். காற்றுக்கு ஆடுகிறது. அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.


புல்மோட்டை
யூன் 1

இஞ்சாரும் குணம்,

உயிரோடைதான். உம்மடை காகிதம் ஐயரிட்டைக் கிடைச்சது. பொங்கலண்டு சனத்துக்கை நிண்டு வாசிச்சன். பக்கத்திலை நிண்ட ஒரு மனிசி, "என்ன பெரியவர், கண் கலங்கிது?" எண்டா. "அடுப்புப் புகை, பிள்ளை" எண்டன்.

பூனைக்குத் திருக்கை எப்பிடி இருந்ததாம்? விரதத்திலை நடக்கிற நான் மச்சம் தொடேலாது. நீராவது திட்டித் திட்டித் தின்னுவீர் எண்டு நினைச்சன்.

செருப்பைக் கழட்டாதையுங்கோ எண்டு எழுதினனீர். கழட்டேல்லை. நாய் கழட்டினது. கோயில் வீதியிலை ஒரு நாய் என்ரை வலக்கால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் துரத்த, அது நிண்டு திரும்பிப் பாக்க, நான் நிக்க, அது பிறகும் ஓட, சனம் சாமி பாக்கிறதை விட்டிட்டு எங்களைப் பாத்தது. நாய்தான் வெண்டது.

அங்கையிருந்து ஒரு செருப்போடை புல்மோட்டை மட்டும் வந்து சேந்தன். இஞ்சை றோட்டுக் கரையிலை முஸ்லிம் ஆக்கள் எங்களுக்குப் பிளேன்ரீயும் வத்தகப்பழமும் வைச்சுக்கொண்டு நிண்டவை. ஸபூரா எண்ட ஒரு அம்மா என்ரை காலைப் பாத்திட்டு, "என்ன வாப்பா இது, பாதிக் காலோட நடக்கிறீங்க" எண்டு தன்ரை செருப்பிலை ஒண்டைக் கழட்டித் தந்திட்டா. ரோசாப்பூ நிறம். மேலை ஒரு பிளாஸ்ரிக் பூ. மற்றதையும் தாறன் எண்டவ. "வேண்டாம், அம்மா, என்ரை பழைய செருப்புக் கோவிக்கும்" எண்டன். கொஞ்சம் இறுக்கம்தான். ஆனா நடந்து பாத்தன், கூட்டம் முழுக்கச் சிரிக்குது. காலுக்குப் பூ வைச்ச கிழவன் இந்தப் பாதையிலை இதுக்கு முதல் போகேல்லையாம்.

சரி, இனித்தான் பயப்பிடுற விசயம். நாளையிலை இருந்து நாலைஞ்சு நாள் திரியாய்ப் பக்கம் காடு. ஆனை நிக்குதாம். இந்தச் சொல்லை இப்ப கடைசியா எழுதிறன். கதிரவேலுச் சாமி வன்னிக்காட்டிலை தேன் எடுத்த ஆள். அவர் எல்லாரையும் இருத்திச் சொன்னார்: "காட்டுக்குள்ளை அதின்ரை பேரைச் சொல்லப்பிடாது. பேரைச் சொன்னா கூப்பிட்டதெண்டு நினைச்சு வரும். பெரியவர் எண்டுதான் சொல்லோணும். பெரியவர் நிக்கிறார், பெரியவர் போயிட்டார், அவ்வளவுதான்."

உடனை பிரசாந்தி கேட்டாள், "அப்ப எங்கடை பெரியவரை என்னெண்டு கூப்பிடுறது?" எண்டு. எல்லாரும் என்னைப் பாத்தினம். கதிரவேலுச் சாமி, "உவர் இனி லொறிச் சாமி" எண்டிட்டார். ஒரு வசனத்திலை என்ரை பட்டம் போட்டுது. இண்டையிலை இருந்து பெரியவர் எண்டா நான் இல்லை, குணம். அவர்.

எனக்கு ஒரு யோசினை. மற்றவைக்கெல்லாம் கொப்பு முறியிற சத்தம் கேக்கும். நிக்கோணுமோ ஓடோணுமோ எண்டு தெரியும். எனக்கு ஒண்டும் கேக்காது. பின்னாலை வந்து தோளிலை தட்டினாத்தான் தெரியும், தட்டினது ஆர் எண்டு திரும்பிப் பாக்கோணும். பகிடிக்கு எழுதேல்லை. உம்மளைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லவுமில்லை.

உம்மடை "அது" எப்பிடி? பெருத்திட்டுதோ? நோகுதோ? அதைப்பற்றி ஒரு சொல் எழுதினா என்ன?

அம்மிக்கல்லை நீர் தூக்காதையும். நான் வந்து கொண்டி போடுறன்.

லொறிச் சாமி


கரவெட்டி
யூன் 7

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

வெருகல் முருகன் கோயிலுக்கு அனுப்புகிறேன். நீங்கள் செத்துப்போனீர்கள். நேற்றுக் காலை ஒன்பது மணி தொடக்கம் மத்தியானம் வரைக்கும் செத்திருந்தீர்கள். அதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், பிறகு எனக்குச் சொல்ல வாய் வராது.

பிரசாந்தியின் கணவர் கோகுலன், கோப்பாயில் அச்சுக்கடை வைத்திருக்கும் பிள்ளை, மோட்டார் சைக்கிளில் வந்து முற்றத்தில் நின்றார். ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். 

"அம்மா, நீங்கள் முதல்லை இருங்கோ" என்றார்.

"நிண்டுகொண்டே கேக்கிறன், தம்பி. சொல்லும்."

"பிரசாந்தி போன் எடுத்தவள். லைன் வெட்டி வெட்டித்தான் கேட்டது. 'பெரியவர் போயிட்டார்' எண்டாள்."

பிறகு என்ன சொன்னவள் என்று கேட்டேன். அவர், "'இனிப் பயமில்லை, நாங்கள் நடக்கத் தொடங்கிட்டம்' எண்டாள். அதோடை லைன் போட்டுது. பிறகு எடுத்தா வேலை செய்யேல்லை" என்றார்.

நீங்கள் போனபின் அவர்களுக்குப் பயமில்லையாம். உங்களை வழியில் கிடத்திவிட்டு நடக்கிறார்களாம். என்ன சனம் இது என்று நினைத்தேன். அழவில்லை. கோபம்தான் வந்தது.

ஒழுங்கை முழுக்க முற்றத்துக்கு வந்துவிட்டது. யாரோ கனடாவுக்கு அடித்து கீர்த்திகாவுக்குச் சொல்லிவிட்டார்கள். கோகுலன் நல்ல பிள்ளை, வெறுங்கையோடு வரவில்லை. வரும்போதே ஒரு கண்ணீர் அஞ்சலி பனர் அடித்துக்கொண்டு வந்திருந்தார். ஆளுயரம். போன வருசம் ஒரு கலியாணத்தில் நீங்கள் ஐஸ்கிறீம் கிண்ணத்தோடு நின்ற படம், கீர்த்திகா பேஸ்புக்கில் போட்டது. கிண்ணத்தை வெட்டிவிட்டு, சிரிப்பை விட்டிருக்கிறார். "குடும்பத்தின் ஒளிவிளக்கு" என்று கீழே. படலையில் கட்டினார்கள்.

நான் கிணற்றடியில் போய் இருந்தேன். அதுவும் என்னோடு இருந்தது. எப்போதும் அதை நினைத்தால் நடுங்குவேன். நேற்று நடுங்கவில்லை. தியேட்டரில் கண்ணை மூடினால் திறக்கமாட்டேன் என்றுதான் இத்தனை நாள் பயம். நேற்றுக் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன், பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. இனி யாரோடு சண்டை பிடிப்பது என்று யோசித்தேன். வேறு ஒன்றும் யோசிக்க வரவில்லை.

பதினொரு மணிபோல தபால்காரர் வந்தார். பனரைப் பார்த்து சைக்கிளால் இறங்கி, கடிதத்தை இரண்டு கையாலும் தந்தார். உங்கள் எழுத்து. சனம் இன்னும் பலமாக அழுதது. "செத்த மனிசன்ரை கடைசிக் காகிதம், வாசியுங்கோ அக்கா, பெலமா வாசியுங்கோ" என்றார்கள். வாசித்தேன். நாயை வாசித்தேன். ரோசாப்பூச் செருப்பை வாசித்தேன். அழுதவர்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு, "இண்டையிலை இருந்து பெரியவர் எண்டா நான் இல்லை" என்ற இடம் வந்தது. அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். கோகுலனைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பனரைப் பார்த்தது.

நான் சிரிக்கத் தொடங்கினேன். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று பிடித்து இருத்தித் தண்ணி தெளித்தார்கள். விட்டால் சிரிப்பேன், பிடித்தால் அழுவேன். கடைசிப் பக்கத்தை மட்டும் அவர்களுக்கு வாசிக்கவில்லை. மத்தியானம் பிரசாந்தியின் போன் கிடைத்தது. "லொறிச் சாமியோ? அவர் முன்னாலை நொண்டிக்கொண்டு போறார், அம்மா" என்றாள். நொண்டி என்ற சொல்லைக் கவனித்தேன்.

கீர்த்திகா ரிக்கெற் போட்டுவிட்டாள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். "மாத்தேலாது, அம்மா, நான் வாறன்" என்கிறாள். புதன்கிழமை வருகிறாள்.

பந்தயம் போதும். நான் தோற்றதாகவும் இல்லை, வென்றதாகவும் இல்லை. திருகோணமலையில் யாழ்ப்பாணம் பஸ் இருக்கிறது. ஏறி வாருங்கள். ஒரு தரம் உங்களைச் செத்தவராகப் பார்த்துவிட்டேன். இன்னொரு தரம் ஏலாது.

குணலட்சுமி


வெருகல்
யூன் 14

இஞ்சாரும் குணம்,

இருக்கிறன், இருக்கிறன்.

ஐஸ்கிறீம் கிண்ணத்தை ஏன் வெட்டினவன்? அதிலைதான் நான் வடிவு. பனரைக் கழட்டி எறிஞ்சுபோடாதையும். பின் வளவிலை விறகுக்கு மேலை மூடி வையும், மழைக்கு நல்லது. பேந்து உண்மையா உதவும், அப்ப புதிசு அடிக்கத் தேவையில்லை. "ஒளிவிளக்கு" எண்டு போட்டது சரி. ஒரு மாதமா வீட்டிலை ஒரு பல்ப்பும் நான் மாத்தேல்லை.

பகிடி விட்டன் எண்டு கோவிக்காதையும். உம்மடை காகிதத்தைக் கோயில் மணலிலை இருந்து வாசிச்சன். எழும்பக் கனநேரம் எடுத்தது. பிரசாந்தி வந்து என்ரை காலிலை விழுந்து அழுதாள், "நான் சொன்ன ஒரு சொல்லாலை" எண்டு. "உன்னாலை நான் செத்துப் பாத்திட்டன், பிள்ளை, நல்லாத்தான் கிடக்கு, ஒழுங்கை முழுக்க வந்திருக்கு" எண்டன்.

அண்டைக்கு நடந்ததைச் சொல்லிறன். பொய் இல்லை. நான்தான் முன்னுக்கு நடந்தனான். காடு ரண்டு பக்கமும் கிட்ட வந்திருந்தது. சரியான சந்தோசம் எனக்கு, வெய்யில் ஏறேல்லை, கால் நோவு குறைவு, பழைய பாட்டு ஒண்டை எனக்குள்ளை பாடிக்கொண்டு போறன். பின்னாலை எல்லாரும் நிண்டிட்டினம். கையைத் தட்டிக் கூப்பிட்டினமாம். எனக்கு என்ன தெரியும்? றோட்டு வளைஞ்சது. அவர் நிண்டார்.

எங்கடை வீட்டுக் கிணத்துக்கும் குசினிக்கும் இடையிலை உள்ள தூரம்தான் குணம். லொறி ஓடேக்கை எவ்வளவு பெரிய சாமான் எல்லாம் எதிரை வரும். அது எல்லாத்துக்கும் பிறேக் இருக்கு. நான் நிண்டன். அவரும் நிண்டார். காதை அடிச்சார், எனக்குக் கேக்கேல்லை. காலாலை மண்ணைக் கிளறினார், கேக்கேல்லை. படம் மாதிரிச் சத்தமில்லாமல் நடக்குது. சாரம் நனைஞ்சது. மற்றவைக்கு வேர்வை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

அப்ப முருகன் எண்டு நினைக்கேல்லை. கொண்டி போடேல்லை எண்டு நினைச்சன். காத்துக்குக் கதவு ஆடும், நீர் நோவோடை அம்மிக்கல்லைத் தூக்குவீர், ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சன். உம்மளுக்கு முன்னாலை நிக்கிறதும் இப்பிடித்தான் இருக்கும் எண்டு அப்பத்தான் விளங்கினது. நான் பந்தயம் கட்டி உம்மளை அதுக்கு முன்னாலை தனிய விட்டிட்டு வந்திருக்கிறன்.

பிறகு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்களிலை ஒரு அக்கறையும் இல்லாத மாதிரி, பத்தைக்குள்ளை போயிட்டார். திரும்பிப் பாத்தா கூட்டம் முழுக்க நிலத்திலை குந்தியிருக்கு. கதிரவேலுச் சாமி ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினார். தாடி குத்தினது. பிரசாந்தி உடனை போனை அடிச்சாள். மிச்சம் உமக்குத் தெரியும். இப்ப என்ரை இடுப்பிலை ஒரு கயிறு, மற்ற நுனி கதிரவேலுச் சாமியின்ரை கையிலை. விலைக்குக் கொண்டுபோற கிழட்டு மாடு மாதிரி நடக்கிறன்.

பஸ்ஸிலை வரமாட்டன். நான் ஏறினா நீர் வெண்டிடுவீர், பிறகு ஆசுப்பத்திரிக்குப் போகமாட்டீர். ("ஆஸ்பத்திரி". பிரசாந்தி எழுதித் தந்தவள்.) அதாலை நடக்கிறன்.

மகள் வந்திட்டாளோ? அவளுக்குச் சொன்னனீரோ?

லொறிச் சாமி

நொண்டி எண்டு அவள் சொன்னதைப் பெரிசா எடுக்காதையும். பூச் செருப்புக் கொஞ்சம் கடிக்குது.


திருக்கோவில்
யூன் 27

குணம்,

இருக்கிறன்.

இண்டைக்குப் பகிடி வரேல்லை. சின்ன விரலுக்குப் பக்கத்திலை செருப்புக் கடிச்ச புண் உள்ளுக்குப் போட்டுது. நான் காட்டாமல் சீலைத்துண்டு சுத்தி நடந்தனான். நேற்று மணத்தது. கதிரவேலுச் சாமி அவிட்டுப் பாத்திட்டு, கயித்தை என்ரை இடுப்பாலை அவிட்டு எடுத்தார். அப்பவே விளங்கீட்டுது. இஞ்சை உள்ள ஆஸ்பத்திரியிலை டொக்டர் பிள்ளை சொல்லுறா, இன்னும் ரண்டு நாள் நடந்திருந்தா விரலோடை நிக்காதாம், காலையே எடுக்கவேண்டி வந்திருக்குமாம். இப்ப ஊசி போட்டு, கட்டுப் போட்டு, கட்டிலிலை வைச்சிருக்கினம்.

கூட்டம் விடியப் போட்டுது. யன்னலாலை பாத்தன். பிரசாந்தி திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனாள். அவையள் அரோகரா எண்டு வாய் திறக்கிறது தெரிஞ்சது. என்ரை ஒரு செருப்பைக் கதிரவேலுச் சாமி கொண்டுபோறார், பூ வைச்சதை. "செருப்பாவது போய்ச் சேரட்டும்" எண்டார். அதுக்கு மட்டும் சிரிச்சன்.

அப்ப நான் தோத்திட்டன்.

உமக்கு எழுதாமல் விடுவம் எண்டு யோசிச்சன். குமணைக் காட்டுக்குள்ளை நடக்கிறன், மான் பாத்தன், மயில் பாத்தன் எண்டு எழுதி அனுப்பினா நீர் நம்புவீர். கதிர்காமத்திலை நிக்கிறன் எண்டும் எழுதலாம். எழுதத் தொடங்கினன். மயில் வரைக்கும் எழுதினன். கை ஓடேல்லை. அந்தப் பொய்யிலை உம்மளை அந்தக் கதவுக்குள்ளை அனுப்பினா, உள்ளை போகேக்கை உம்மளோடை நிக்கிறது ஒரு பொய்.

பந்தயப்படி இனி நான் அதைப்பற்றி வாய் திறக்கப்பிடாது. இது வாய் இல்லை, பேனை. வெண்ட ஆள் எதையும் கேக்கலாம், குணம். சந்தியிலை வைச்சு என்ரை காதைப் பிடிச்சுத் தோப்புக்கரணம் போடச் சொல்லும், போடுறன். வெள்ளிக்கிழமையிலை இனித் திருக்கை எண்ட சொல்லையே சொல்லமாட்டன். ஆனா அதை மட்டும் கேளாதையும். போகமாட்டன் எண்டு மட்டும் கேளாதையும்.

எனக்குப் பயமா இருக்கு. அவருக்கு முன்னாலை நிக்கேக்கை இருந்ததிலும் பாக்கக் கூடவா இருக்கு.

அருட்பிரகாசம்


யாழ்ப்பாணம்
யூலை 3

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இருக்கவில்லை. கீர்த்திகா அதை வார்ட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள். ஆம், பெரியாஸ்பத்திரி வார்ட். வந்து மூன்று நாள்.

இதை உங்களுக்கு முன்னமே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீங்கள் கதிர்காமத்துக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் நான் போனேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவீர்கள். அதற்கு முதலே நானாக வந்துவிட வேண்டும் என்று இருந்தது.

மகள் வந்த அன்று இரண்டு பேரும் குசினியில் இருந்தோம். கதவு ஆடியது. நான் அம்மிக்கல்லைத் தூக்கப் போனேன், கை நோவில் பாதியில் விட்டுவிட்டேன். அவள் பார்த்தாள். "என்னம்மா?" என்றாள். உங்கள் சாவீட்டுக்கென்று வந்தவளுக்கு என்ன மறைப்பது? அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். கனநேரம் எடுக்கவில்லை கையை. "அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டாள். "அதுக்குத்தான் நடக்கிறார், விசரன்" என்றேன். அவள் அழுது முடித்துவிட்டு, கடைக்குப் போய்க் கொண்டி வாங்கி வந்து தானே பூட்டினாள். கொஞ்சம் சரிவு. நீங்கள் வந்து சரிபார்க்கலாம்.

நாளைக்கு எனக்கு. தியேட்டர் கீழ்மாடியில். கதவைப் பார்க்கவேண்டும் என்று தாதிப் பிள்ளையிடம் கேட்டேன். "ஏனம்மா? பயப்பிடப் போறீங்கள்" என்றாள். "பயம் இருக்கிறபடியாத்தான்" என்றேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். புதுக் கதவு. ஆனாலும் ஆடுகிறது. கொஞ்ச நேரம் எதிரே நின்றேன். திருக்கோவிலில் நீங்கள் எழுதிய கடைசி வரியை நினைத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அப்படித்தான்.

எங்கள் வார்ட்டில் எனக்குப் பக்கத்தில் சாவகச்சேரி மனிசி ஒருவர், அங்காலே றிஸ்வியா என்று ஒரு பிள்ளை, யாழ்ப்பாண ரவுணுக்குத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். மூவருக்கும் ஒரே விசயம். ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. இரண்டாம் நாள் நான் அவர்களுக்குப் பனர்க் கதையைச் சொன்னேன். சாவகச்சேரி மனிசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உருண்டார். அன்று தொடக்கம் எங்கள் வார்ட்டில் அதற்குப் பெயர் பெரியவர். விடிய டொக்டர் வந்து, "எப்பிடி, பிள்ளை?" என்று றிஸ்வியாவைக் கேட்டார். "பெரியவர் இன்னும் றோட்ட மறிச்சுக்கொண்டுதான் நிக்கிறார், டொக்டர்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தோம். இப்படி ஓரிடத்தில் சிரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

காப்புகளைக் கழற்றி கீர்த்திகாவிடம் கொடுத்துவிட்டேன். "கவனமா வை" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "அப்பாட்டைக் குடு, அவர் வந்து போட்டுவிடட்டும்" என்றேன்.

வென்றவர் எதையும் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது நான் இந்தக் கட்டிலில் இருந்தேன். அதனால் யார் வென்றது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். கால் ஆறும் வரைக்கும் அந்தக் கட்டிலை விட்டு இறங்க வேண்டாம். காட்டுப் பக்கம் பார்க்கவும் வேண்டாம். உங்களைத் தெரியும், அதனால் கேட்கிறேன்.

கடிதத்தை இன்று போடவில்லை. நாளைக்குப் பிறகு நானோ மகளோ கீழே ஒரு வரி எழுதிப் போடுவோம். யார் கை என்று எழுத்தைப் பார்த்தால் தெரியும்.

குணலட்சுமி

யூலை 6

நான்தான். எழுத்துக் கோணல், சிரிக்காதையுங்கோ.

பெரியவர் போயிட்டார். பயம் இன்னும் நிக்குது. பஸ்ஸிலை வாங்கோ.